கரண்ட் பிடிக்கப் போகிறவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் நோயாளி இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

கடந்த விடுமுறையில் எங்கள் சாச்சியைக் கதிர்வீச்சு சிகிச்சைக்கு மாறி மாறிக் கூட்டிப் போனோம். ஊரில் "கரண்ட் பிடிக்கிறது" என்று சொல்வோமே, அதுதான். மார்பிலும் கக்கத்திலும் சத்திரசிகிச்சை முடிந்திருந்தது. முதல் நாள் வெளியே வந்தவர் நோயைப் பற்றிப் பேசவில்லை. "கைய ஒசத்தி வெச்சிரிக்க ஏலா புள்ள. மேலால ஒரு துணியாச்சும் போட்டிருக்கலாம்" என்றுதான் சொன்னார்.

கதிர் பட வேண்டிய இடத்தில் மட்டும் படவேண்டும். மார்புக்குக் கீழே இதயமும் நுரையீரலும் இருக்கின்றன. அதனால் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரிப் படுக்க வேண்டும். அதற்காகத்தான் கைகளைத் தலைக்கு மேலே தாங்கும் சாய்பலகை. வாய், தொண்டைப் புற்றுநோய்க்காரருக்கு வலை முகமூடி. பிளாஸ்டிக் தகட்டைச் சுடுநீரில் இளக்கி, முகத்தில் அழுத்தி அச்செடுத்து, ஆறி இறுகியதும் தலையோடு சேர்த்துப் பலகையில் பூட்டிவிடுவார்கள். அப்படி 30, 35 நாட்கள், வாரத்துக்கு ஐந்து நாள். வெற்றிலை பாக்குப் பழக்கத்தால் நம் நாட்டு ஆண்களிடம் வாய்ப்புற்றுநோய் எவ்வளவு அதிகம் என்பது நமக்குத் தெரியும். நம்மில் பலரின் வாப்பாமார் அந்த முகமூடிக்குள் படுத்தவர்கள்தான்.

இந்தச் சாதனங்கள் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் சிகிச்சையே இல்லை. ஆனால் அசையாமல் பிடித்து வைப்பது மட்டும்தான் அவற்றின் வேலை என்று நினைப்பதில்தான் பிழை இருக்கிறது.

ஆசிரியர்களான எங்களுக்கு இது வகுப்பறையில் பழகிய விஷயம். கால் எட்டாத வாங்கில் ஒரு பிள்ளையை இருத்திவிட்டு "ஆடாதே" என்று எத்தனை தரம் சொன்னாலும் அது ஆடும். பிள்ளையில் குற்றமில்லை, வாங்கில்தான் குற்றம். நோயாளியும் அப்படித்தான். வலித்தால் தோள் இறுகும், சற்று நேரத்தில் தளரும், உடம்பு சில மில்லிமீட்டர் நகரும். அந்தச் சில மில்லிமீட்டர்தான் இங்கே கணக்கு. ஆகவே சௌகரியம் என்பது ஆடம்பரமல்ல, சிகிச்சையின் துல்லியத்தில் ஒரு பங்கு.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகத்தினர், கதிர்வீச்சு பெறும் பெண்களுக்கென்றே ஒரு உள்ளாடையை வடிவமைத்தார்கள். மார்பை ஒரே நிலையில் தாங்கவும் வேண்டும், பெண்ணின் மானமும் மறைய வேண்டும். நோயாளிப் பெண்களிடமே கேட்டுத்தான் அதைச் செய்தார்கள். கண், மூக்கு, வாய் திறந்திருக்கும் முகமூடிகளும் இப்போது உண்டு. உடம்பு அசைகிறதா என்பதைக் கமரா பார்த்துக்கொள்ளும். சிறு பிள்ளைகளின் முகமூடியில் கார்ட்டூன் வீரர்களை வரைந்து பயம் போக்கும் வைத்தியசாலைகளும் இருக்கின்றன.

நம் நாட்டில் இயந்திரம் குறைவு, ஆட்கள் குறைவு, வரிசை நீளம். அதுவும் எங்களுக்குத் தெரியும். அங்கே வேலை செய்பவர்கள் படும் பாட்டைக் கண்ணால் கண்டோம். ஆனால் எல்லாவற்றுக்கும் கோடிகள் தேவையில்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு தாங்கி. தோள்பக்கம் மட்டும் திறக்கக்கூடிய ஒரு மேலங்கி. முகமூடியை மாட்டுவதற்கு முன் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்க விடுவது. "கஷ்டமாக இருந்தால் கையை உயர்த்துங்கள், கமராவில் பார்த்துக்கொண்டு இருக்கிறோம்" என்று தமிழில் ஒரு வசனம்.

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. சிகிச்சை தொடங்குவதற்கு முன் ஸ்கேன் எடுத்து, எப்படிப் படுப்பது என்று தீர்மானிக்கும் ஒரு நாள் உண்டு. அன்று அமைத்த நிலைதான் கடைசி நாள் வரை. பிறகு நாமாக ஒரு தலையணையைக் கொண்டுபோய் வைக்க முடியாது, கணக்கு மாறிவிடும். ஆகவே தோள் வலி, முதுகு வலி, மூடிய இடத்தில் பயம், எதுவானாலும் அன்றே சொல்ல வேண்டும். இடையில் மெலிந்து முகமூடி தளர்ந்தாலும், வீங்கி இறுகினாலும் உடனே சொல்ல வேண்டும். சாச்சி அன்று வாய் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அந்தக் குற்றம் எங்களுடையது.

ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வைத்தியசாலைக்குக் கட்டிலும் சக்கர நாற்காலியும் கொடுக்கிறோம், நல்லது. அடுத்த தடவை கதிர்வீச்சுப் பிரிவில் போய், "நோயாளி நிம்மதியாகப் படுக்க உங்களுக்கு என்ன தேவை?" என்று கேட்டுவிட்டுக் கொடுப்போம்.

நம் பெண்கள் வலியை மறைப்பதையே சபூர் என்று நினைக்கிறார்கள். வலிக்கிறது என்று சொல்வதால் சபூர் குறைந்துவிடாது. அவர்கள் சொல்லாவிட்டால் நாம் கேட்போம்: "படுக்க வசதியா இரிக்கா உம்மா?"