மலைச்சரிவில் வீடு

தமிழ்நாடும் கேரளமும் தொட்டுக்கொள்ளும் மலையூர் ஆனைகட்டி. அங்கே வீடு கட்டுவோர் முதலில் தேடுவது ஒப்பந்தக்காரரை. “எத்தனையோ வீடு கட்டியவர், தனியே பொறியாளர் எதற்கு?” என்பர். எனக்கு இதில் உடன்பாடில்லை. மேட்டை வெட்டித் தளம் சமன்செய்தால், வெட்டிய மண்ணைத் தாங்கச் சுவர் வேண்டும். அச்சுவரில் நீர் வடியத் துளைகளும் வேண்டும். இல்லையேல் பின்னே தேங்கும் மழைநீரே அதைத் தள்ளிவிடும். இதைக் கணக்கிட்டுச் சொல்பவர் கட்டமைப்புப் பொறியாளர்.

மனை வாங்குமுன்பே அவரை அழைப்பது நன்று. 2020 ஆகஸ்டு 6 இரவு, இடுக்கி மாவட்டப் பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு புதைந்தது. மாண்ட 70 பேரில் பெரும்பாலோர் தமிழர். அத்தகைய இடத்தில் எவ்வளவு உறுதியான சுவரும் பயன்படாது.

ஒப்பந்தக்காரரை நான் பழிக்கவில்லை. நம் உறவினரிலும் பலர் அத்தொழிலினர். ஆயினும் கட்டுபவரே தம் வேலையைத் தாமே சோதிப்பது முறையன்று. நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டால் இட்ட கான்கிரீட்டை 10 நாளேனும் ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரவிதி. மூன்றாம் நாளே தண்ணீர் நின்றுவிட்டால் கேட்பவர் யார்? உங்கள் வீட்டில் கட்டட வேலை நடந்தால், நான்காம் நாள் காலை நீங்களே போய்த் தளத்தைத் தொட்டுப் பாருங்கள்.