புள்ளி ஒன்று கூடினால்...

உங்கள் வீட்டுச் சுவரில் மரத்தில் வெட்டிய அரபு எழுத்துப் பலகை உண்டா? இதைப் படித்தபின் அதை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

சாந்தோம் பேராலயத்தின் அருகே வசிக்கும் என் கல்லூரித் தோழர் கணினி ஓவியர்; அரபு அறியாதவர். ‘அர்ரஹீம்’ என்னும் திருநாமத்தை நான் நாணல் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைக் கணினியில் வரைந்து, 3 மி.மீ. பிளைவுட்டில் 4 அடுக்குகளாகப் பிரித்தார். அடியில் தளம், நடுவே பூக்கொடிகள், மேலே எழுத்து. லேசர் கதிர் கோட்டின் வழியே மரத்தை எரித்தே அறுக்கிறது. (இதற்குப் பயன்படும் கரியமில வாயு லேசரை 1964இல் அமெரிக்காவில் உருவாக்கிய குமார் பட்டேல், நம் நாட்டுப் பாராமதியில் பிறந்தவர்.)

எழுத்தோடு ஒட்டாத புள்ளிகள் வெட்டியதும் தனியே உதிர்ந்துவிடும். அவற்றைக் கீழடுக்கின்மீது கையால் ஒட்டவேண்டும். ‘யா’வின் இரு புள்ளிகளையும் ஒட்டிய நண்பர், பக்கத்தில் வெறுமையாகத் தெரிகிறதே என்று, அழகுக்காக ‘ஹா’வின் கீழும் ஒன்றை வைத்துவிட்டார். ரஹீம், ரஜீம் ஆயிற்று! நிகரற்ற அன்புடையோன் எங்கே, ஷைத்தானுக்கு நாம் சொல்லும் ‘விரட்டப்பட்டவன்’ எங்கே!

நல்லவேளை, பசை உலருமுன் கண்டேன். பிழை என்னுடையதே. ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் நான், எந்தப் புள்ளி எதற்குரியது என்று அவருக்குக் குறித்துத் தரவில்லை. இப்போது புள்ளி அமரவேண்டிய இடத்தைக் கீழடுக்கிலேயே மெல்லிய கோடாக லேசரால் பொறித்துவிடுகிறோம்.

உங்களுடையது கடையில் வாங்கிய பலகையாயின், மத்ரஸா செல்லும் பிள்ளையை அழைத்து எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.