நஞ்சு அவர்களுடையது, செலவு நம்முடையதா?

2025 சனவரி முதல் நாள் இரவு, காவல் வண்டிகள் முன்னும் பின்னும் சூழ, 12 சரக்குந்துகள் போபாலினின்று புறப்பட்டன. அவற்றில் ஏற்றப்பட்டிருந்தது நெல்லுமன்று, பொன்னுமன்று. யூனியன் கார்பைடு ஆலையினுள்ளே 40 ஆண்டுகளாகக் கிடந்த 337 தொன் நச்சுக் கழிவு! ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பீதாம்பூருக்கு அது கொண்டு செல்லப்பட்டது. அவ்வூரார் கொதித்தெழுந்தனர், கிளர்ச்சியில் இருவர் தீக்காயமுற்றனர். ஆயினும் அவ்வாண்டு சூன் இறுதிக்குள் அக்கழிவு எரித்து முடிக்கப்பட்டது. இதற்கென நடுவணரசு ஒதுக்கிய தொகை 126 கோடி உருபா.

யாருடைய பணம் அது? கூலிக்காரன் வாங்கும் தீப்பெட்டியிலும் உழவன் வாங்கும் உரத்திலும் தண்டிய வரிப்பணம்.

கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு தொன் கழிவுக்கு 37 இலக்கம் உருபாவுக்கு மேல் ஆகிறது. 1984 திசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவில் அவ்வாலை கக்கிய வளியை மூச்சிழுத்து நுரையீரல் வெந்து போனவர்களுள் பெரும்பாலோர்க்கு முதலில் ஈந்தது 25,000 உருபா! குழுமத்தின் குப்பைக்குள்ள மதிப்பு, குடிமகனின் மூச்சுக்கு இல்லை.

இவ்வளவு செலவிட்டும் நிலம் தூய்மையாகிவிட்டதா? அதுவுமில்லை. அரசின் ஆய்வு நிறுவனங்களே 2010-இல் அளந்து கூறியபடி, நஞ்சேறிய மண் மட்டும் 11 இலக்கம் தொன். எரித்த கழிவு அதில் மூவாயிரத்தில் ஒரு பங்குதான். 1977-இல் வெட்டப்பட்ட கழிவுநீர்க் குளங்களினின்று கசிந்த நஞ்சு நிலத்தடி நீரிற் கலந்ததனாலன்றோ, சுற்றுப்புறத்தார்க்கு நன்னீர் வழங்குமாறு உச்ச நயன்மன்றம் 2004-இல் ஆணையிட நேர்ந்தது? வளி ஓரிரவிற் கொன்றது. நீரோ நாள்தோறும் கொல்கிறது.

குற்றவாளி தப்பிய வழியைக் கேளுங்கள். 1989-இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு. 1994-இல் கார்பைடு தன் இந்தியப் பங்கை விற்றுவிட்டு வெளியேறிற்று. 1998-இல் குத்தகை நிலம் நஞ்சோடும் துருவோடும் மாநில அரசின் கையில் திருப்பித் திணிக்கப்பட்டது. 2001-இல் கார்பைடையே டௌ வேதிக் குழுமம் வாங்கிக்கொண்டது. "அவ்வாலையை நாங்கள் நடத்தவில்லையே" என்று கைவிரித்தது. ஈட்டத்தை வாங்கத் தெரிந்தவர்க்குக் கடனை வாங்கத் தெரியவில்லையாம்! தூய்மைப் பணிக்கு முன்பணமாக 100 கோடி உருபா கட்டுமாறு டௌவுக்கு ஆணையிட வேண்டி, 2005-இல் நடுவணரசின் துறையே மன்றமேறியது. அவ்வளவு தெளிவிருந்த அரசு, இறுதியில் தன் பெட்டியைத் திறந்து 126 கோடியை எடுத்துவைத்ததே, ஏன்?

"குற்றவாளி வரும்வரை காத்திருந்தால் மக்கள் மாள்வரே" என்பர் சிலர். மெய்தான், காத்திருக்கச் சொல்லவில்லை நாம். அரசு முதலிற் செலவிடட்டும். பின்னர் ஒரு காசு விடாமல் தண்டட்டும். கார்பைடு பிறந்த அமெரிக்க நாட்டிலேயே, போபால் அழிவுக்கு நான்காண்டு முன்னர், 1980-இல் இதற்கெனச் சட்டம் வந்துவிட்டது. கொட்டியவன், ஆலை நடத்தியவன், நிலத்துக்குரியவன் எவனாயினும், அச்சட்டத்துக்கு முன்பே கொட்டியிருப்பினும், செலவை அவனிடம் தண்டலாம். வேதிக் குழுமங்கள் மீதும் கல்நெய்க் குழுமங்கள் மீதும் தனி வரியும் விதித்தனர். அவ்வரி 1995-இல் முதலாளிகளின் நெருக்கலால் நின்றது. வேதிக் குழுமங்கள் மீதான வரி 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தாற்றான் மீண்டது. அங்கும் மக்கள் விழிப்பாயிருந்தால்தான் சட்டம் விழித்திருக்கிறது!

நம் மண்ணிலிருந்தே எழுந்த வழக்கொன்று உண்டு. பாலாற்றைத் தோல் பதனிடும் ஆலைகள் பாழாக்கியதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகத்துத் திங்களில், "கெடுத்தவனே ஈடு செய்க" என்பது இந்நாட்டுச் சட்டத்தின் கூறே என உச்ச நயன்மன்றம் தீர்ப்புரைத்தது. ஆம்பூர்த் தோல் முதலாளிக்குப் பொருந்திய சட்டம் அமெரிக்கப் பெருமுதலாளிக்குப் பொருந்தாதோ?

மாசுற்ற நிலங்களுக்கென நடுவணரசு 2025 சூலையில் நெறிகள் வகுத்தது. அவற்றிலும் கெடுத்தவனே செலவேற்க வேண்டும் என்றுதான் உள்ளது. அவனைக் கண்டறிய முடியாவிடில், அல்லது அவனால் இயலாவிடில், அரசுகள் ஏற்கும் என்று ஒரு பின்கதவும் உள்ளது. போபாலைக் கெடுத்தவனைக் கண்டறிய முடியாதா? அவன் பெயர் உலகறிந்ததன்றோ!

ஆலை நின்ற இடத்தில் நினைவகம் எழுப்பும் பேச்சு நடக்கிறது. எழுப்புக! அதற்குமுன் அந்த 126 கோடிக்கும் இனிவரும் 11 இலக்கம் தொன் மண்ணுக்கும் கணக்கெழுதி, கார்பைடின் பெயருக்கும் டௌவின் பெயருக்கும் விடுக்க. மறுப்பாராயின், இந்நாட்டில் அவர் செய்யும் வணிகத்தினின்று தண்டுக.