அப்பாவின் ஹெரால்டை எடைக்குப் போடலாமா?

போன வாரம் டூவீலர் பேட்டரி பற்றி எழுதியதற்கு வந்த மெயில்களுக்கு நடுவே, திருச்சி வாசகி ஒருவரின் மெயில். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், விஷயத்தை மட்டும் தருகிறேன்.

‘1970 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3. அப்பா வாங்கினது. அவர் போய் 11 வருஷம் ஆச்சு. அன்னியிலேருந்து ஷெட்டுலதான் நிக்குது. ஜூன் மாசம் வீட்டை இடிச்சுக் கட்டப்போறோம். காயலான் கடைக்காரர் 40 ஆயிரம் தர்றேங்கிறார். அம்மா வேணும்னும் சொல்லலை, வேண்டாம்னும் சொல்லலை. ஆனா, கடைக்காரர் வந்து பார்த்துட்டுப் போன அன்னிக்கு ராத்திரி அவங்க சாப்பிடலை. இதை ஓட வைக்க முடியுமா? இல்லை, வீண் செலவா?’

ஒரு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால், இந்த வாரம் முழுக்க ஹெரால்டுதான்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனி 1959 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய குடும்பக் கார், ட்ரையம்ப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலாட்டி. அவர்களுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே துண்டாகச் செய்து தர ஆள் இல்லை. வேறு வழியில்லாமல், தனியாக ஒரு சாசிஸ் போட்டு, அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கினார்கள். அன்றைக்கு இது பழைய பாணி. இன்றைக்கு ஹெரால்டை ரீஸ்டோர் பண்ணுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. பெரும்பாலான பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றிவிடலாம். பானெட்டைத் தூக்கினால் காரின் மூக்கே மொத்தமாக முன்னால் கவிழும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாட வீதிக்கென்றே செய்தது மாதிரி!

அந்த கார்தான் 1961 முதல் சென்னையில், வண்டலூர் பக்கம் இருந்த தொழிற்சாலையில் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் தயாரானது. இங்கிலாந்தில் ‘ஸ்டாண்டர்டு’ என்ற பெயரையே 60-களில் மூட்டை கட்டிவிட்டார்கள். நம் ஊரில் அது 80-களின் இறுதி வரை உயிரோடு இருந்தது.

வாசகியின் காரைப் பற்றிக் கவனிக்க வேண்டிய முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். குடும்பத்தோடு போக வேண்டுமென்றால், முன் சீட்டை மடக்கித்தான் பாட்டியைப் பின்னால் ஏற்ற வேண்டும். நம்மவர்களுக்கு அது சரிப்படவில்லை. 60-களின் இறுதியில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு ஹெரால்டு வந்தது. அதுதான் மார்க் 3. அதன் பின்கதவு, கதவுக் கண்ணாடி, அதற்கான ரப்பர் எதுவும் இங்கிலாந்தில் கிடைக்காது. அங்கே அப்படி ஒரு கார் தயாரிக்கப்படவே இல்லையே! இன்ஜின், சஸ்பென்ஷன் சாமான்கள் அப்படியில்லை. ஹெரால்டு சாசிஸை அடிப்படையாக வைத்து உருவான ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1980 வரை தயாரானது. இரண்டுக்கும் பொதுவான பாகங்கள் நிறைய. அந்த ஸ்போர்ட்ஸ் காரின் ரசிகர்கள் புண்ணியத்தில், அவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. தபால் செலவும் கஸ்டம்ஸ் வரியும்தான் கொஞ்சம் வலிக்கும்.

ஆக, ஒரு மார்க் 3 எடைக்குப் போனால் அதோடு போவது நான்கு கதவுகள். அவற்றுக்கு மாற்று, புதுப்பேட்டையில் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கலாம். இல்லையென்றால் இன்னொரு மார்க் 3-ஐத்தான் தேட வேண்டும்.

சாவியைத் திருகாதீர்கள்

11 வருடம் நின்ற காருக்குப் புது பேட்டரி மாட்டி, ‘ஒருதடவை ஸ்டார்ட் ஆகுதான்னு பார்ப்போமே’ என்று செல்ஃப் அடிப்பதுதான் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை. அடக்கிக்கொள்ளுங்கள். பிஸ்டன் ரிங் துருப்பிடித்து ஒட்டியிருந்தால், அந்த ஒரு முயற்சியிலேயே இன்ஜின் கெட்டுவிடும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு, நாலைந்து நாள் ஊற விடுங்கள். பிறகு, டிக்கியில் எங்காவது கிடக்கும் ஹேண்டிலைப் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பழைய பெட்ரோலை மொத்தமாக இறக்கி, டேங்க்கைக் கழுவ வேண்டும். வயரிங்கை எலி கடித்திருக்கிறதா என்று பார்க்காமல் பேட்டரி மாட்டக் கூடாது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ் முனைதான் எர்த். இப்போதைய பழக்கத்தில் மாற்றி மாட்டினால் டைனமோ பக்கம் புகை வரும். பழைய கேபிள் எப்படி மாட்டியிருந்தது என்று முதலில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ட்ரையம்ப் இன்ஜின்களுக்கென்றே ஒரு பரிசோதனை உண்டு. ஒருவரை கிளட்ச்சை மிதிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் முன்னால் நின்று கிராங்க் புல்லியைப் பாருங்கள். ஒவ்வொரு மிதிக்கும் அது கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னே நகர்ந்தால், உள்ளே இருக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அது முழுவதும் தேய்ந்து கீழே விழுந்தால், கிராங்க்கையும் பிளாக்கையும் சேர்த்துத் தின்றுவிடும். வாஷரின் விலை சொற்பம். இந்த இன்ஜினை வைத்திருப்பவர்கள் சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடியே நிற்காமல், நியூட்ரலில் போட்டுக் காலை எடுப்பது நல்லது.

சக்கரம் மடங்கும் கதை

ஹெரால்டில் உயிர் சம்பந்தப்பட்ட இடம், முன் சக்கரத்துக்குக் கீழே இருக்கிறது. சென்னையில் ஒரு பட்டறையில், வேலைக்கு வந்திருந்த ஹெரால்டின் முன் சக்கரத்தைக் கழற்றி, மூத்த மெக்கானிக் ஒருவர் எனக்கு அதைக் காட்டினார். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கிறது. அந்த மரை, ‘ட்ரனியன்’ எனப்படும் பித்தளை நிற உலோகத் துண்டுக்குள் முறுகி நிற்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு மரையிலேயே திரும்பும். காரின் முன்பாரம் முழுக்க அதன் மேல்தான்.

“இதுக்கு கிரீஸ் வைக்கக் கூடாது தம்பி. கியர் ஆயில்தான் ஏத்தணும். நிப்பிளைப் பார்த்தாலே பசங்க கிரீஸ் கன்னை எடுத்துட்டு வந்துருவானுங்க” என்றார்.

காரணம் எளிமையானது. கிரீஸ் மரையின் இடுக்கெல்லாம் போய்ச் சேராது. நாளாக ஆகக் காய்ந்து கெட்டியாகி, பின்னால் ஆயில் விட்டாலும் போகவிடாமல் அடைத்துக்கொள்ளும். இடையில் மழைத்தண்ணீர் புகும். உள்ளுக்குள் துருப்பிடித்த தண்டு ஒருநாள் ‘டக்’ என்று முறியும். சக்கரம் மடங்கி, கார் முட்டி போட்டு உட்கார்ந்துவிடும். ஸ்டீயரிங்கை அதிகம் ஒடிக்கும்போது, அதாவது பார்க்கிங்கிலோ தெருமுனைத் திருப்பத்திலோ நடந்தால் தப்பித்தோம். பைபாஸில் நடந்தால்?

ஈ.பி. 90 கியர் ஆயில் போதும். முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, மேலே உள்ள சீல் வழியாக ஆயில் எட்டிப் பார்க்கும் வரை ஏற்ற வேண்டும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை என்று நான் சொல்வேன். வாசகியின் கார் 11 வருடம் நின்றது. அதற்கு ஆயில் மட்டும் போதாது. இரண்டு பக்கமும் கழற்றி மரையைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். வலது, இடது மரைகள் எதிரெதிர் திசை என்பதால், சாமான்கள் வாங்கும்போது பக்கம் சொல்லி வாங்குங்கள்.

அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். இத்தனை வருடம் நின்ற வண்டியில் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் இரண்டுமே உள்ளே துருப்பிடித்திருக்கும் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த காரில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஓரிடத்தில் ஹோஸ் வெடித்தால் பெடல் தரையோடு தரை. அதனால் ரப்பர் ஹோஸ், கப், சீல் எல்லாம் புதிது. ‘நல்லாத்தானே இருக்கு’ என்று பட்டறையில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பங்க்கில் இருக்கும் பிரச்னை

அப்பா ஓட்டிய காலத்துப் பெட்ரோல் வேறு, இப்போது பங்க்கில் கிடைப்பது வேறு. இந்தியாவில் 2000 பிப்ரவரியிலேயே ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்து இன்ஜின்களில் வால்வு சீட்டுக்கு ஈயம்தான் பாதுகாப்பு. அது இல்லாமல் வேகமாகவே ஓட்டினால் சீட் தேயும். வால்வு கிளியரன்ஸ் அடிக்கடி குறைந்துகொண்டே போனால் அதுதான் அறிகுறி. அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது கடினப்படுத்திய சீட் போட்டுக்கொள்ளலாம். இதற்காகவே ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை.

எத்தனால் கதை அப்படியில்லை. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல்தான் இப்போது எங்கும். 1970-ல் செய்த ரப்பருக்கு எத்தனால் ஆகாது. ஹோஸ் ஊறிப்போய் விரிசல் விடும், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் கிழியும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனால் தண்ணீரையும் இழுக்கும் என்பதால் டேங்க் துருப்பிடிக்கும். இங்கிலாந்தில் 2021 செப்டம்பரில் இ10 வந்தபோது, பழைய கார்களுக்காக ஒரு கிரேடில் இ5-ஐ விட்டுவைத்தார்கள். இங்கே அப்படி எல்லா பங்க்கிலும் ஒரு சாய்ஸ் இல்லை. என்ன செய்யலாம்? எத்தனால் தாங்கும் ஹோஸ், டயாஃப்ரம், கார்புரேட்டர் கிட் போடுங்கள். மிக்ஸரைக் கொஞ்சம் ரிச்சாக வைக்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்க்கைக் காலி செய்யுங்கள். மழைக்கோட்டு மாதிரி, இது இல்லாமல் இனி வெளியே போக முடியாது.

பெயின்ட் கடைசியில்

காரைப் பார்த்ததும் ‘முதல்ல பெயின்ட் அடிச்சுரலாம் சார்’ என்று சொல்கிற பட்டறையிலிருந்து மரியாதையாக வெளியே வந்துவிடுங்கள். பட்டியும் பெயின்ட்டும் துருவை மறைக்கும், நிறுத்தாது. முதலில் அடியில் சாசிஸைப் பாருங்கள். நடுவில் ஓடும் இரண்டு பிரதான ரெயில்களிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் பாடியைத் தாங்குகின்றன. அவைதான் முதலில் துருப்பிடிக்கும். வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வெல்டிங் செய்யலாம், பயமில்லை. பின்னால் டிஃபரென்ஷியல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பிரதான ரெயிலே அரித்துப்போயிருந்தால்தான் கவலை. சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் இரும்பு. ‘தொப்’ என்றால் துருவும் பட்டியும்.

பாடியைக் கழற்றும் முன், கதவு இடைவெளிகளை அளந்து எழுதி வையுங்கள். பாடிக்கும் சாசிஸுக்கும் நடுவே இருக்கும் பேக்கிங் துண்டுகள் எந்த இடத்தில் எத்தனை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் போனால், எல்லாம் முடிந்து மாட்டும்போது நான்கு கதவில் ஒன்றுகூட ஒழுங்காக மூடாது. துண்டு துண்டாகக் கழற்ற முடிகிற காருக்குக் கொடுக்க வேண்டிய விலை இது.

‘பேசாம ஒரு மாருதி இன்ஜினை வெச்சுக்குங்களேன்’ என்று நிச்சயம் யாராவது சொல்வார்கள். ஓட்டுவதற்குச் சுலபம்தான். ஆனால், 2021-ல் வந்த மத்திய அரசின் வின்டேஜ் விதிகளின்படி, 50 வயதைத் தாண்டிய கார் சாசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றமில்லாமல் இருந்தால்தான் வின்டேஜ் அந்தஸ்து. ஏற்கெனவே பதிவான கார் என்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். வின்டேஜ் என்று பதிந்துவிட்டால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். அம்மாவை வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போகும் எண்ணம் இருந்தால், வின்டேஜ் பக்கம் போகாமல் வழக்கமான ஆர்.சி-யையே புதுப்பியுங்கள். அதற்கு முன் ஆர்.சி அப்பா பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாற வேண்டும், ஃபார்ம் 31. இந்த வேலையை முதலில் தொடங்குங்கள். பட்டறையைவிட இதற்கு அதிக நாள் ஆகலாம்.

சரி, வாசகிக்கு என் பதில். சாசிஸின் பிரதான ரெயில்கள் நன்றாக இருந்தால், வைத்துக்கொள்ளுங்கள். உடனே முழு ரீஸ்டோரேஷனில் இறங்க வேண்டாம். பிரேக், ட்ரனியன், பெட்ரோல் லைன், வயரிங், டயர் இவ்வளவுதான் முதல் வருடம். பெயின்ட் மங்கலாகவே இருக்கட்டும். ரெயில்கள் போயிருந்தால், அப்போதும் காயலான் கடை வேண்டாம். இன்னொரு மார்க் 3 வைத்திருப்பவரைத் தேடிக் கொடுங்கள். நான்கு கதவாவது ரோட்டில் ஓடும். இரண்டில் எதுவானாலும், அம்மாவிடம் ஒரு வார்த்தை நேராகக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஜூனில் வீட்டை இடிக்கும்போது காரை நகர்த்தியாக வேண்டுமே? கயிறு கட்டி இழுக்காதீர்கள். பிரேக்கையும் ட்ரனியனையும் இப்போது நம்ப முடியாது. ஃபிளாட்பெட் லாரியில் ஏற்றுங்கள். புது இடம் மண் தரையாக இருந்தால் கீழே சிமென்ட் பலகை போட்டு, சக்கரங்கள் தரையைத் தொடாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் வேண்டாம், உள்ளே ஈரம் கட்டும். துணிக் கவர் போதும்.