பிள்ளைக் காப்பும் ஒரு சாட்சிதான்



கடந்த மாதம் டயகமவில் ஒரு லயத்துக்குச் சென்றிருந்தேன். 1977 கலவரத்தின் பின் பெற்றோருடன் கிளிநொச்சிக்குப் போய், 2009இல் கணவரையும் வீட்டையும் இழந்து, மீண்டும் அண்ணன் வீட்டுக்கே வந்து சேர்ந்த ஒரு அக்கா என்னை அழைத்திருந்தார். அடுப்படிச் சுவரைத் திருத்தும்போது பழைய டின் ஒன்று கிடைத்ததாம். அதற்குள் ஒரு சோடி பிள்ளைக் காப்பு, வளையம் பற்றவைத்த ஒரு நாணயம், மஞ்சள் நிறத்தில் ஒரு பஞ்சாயுதம்.

“பழைய சாமான் எடுக்கிற ஆளு எல்லாத்துக்கும் சேத்து ரெண்டாயிரம் தாறேங்கிறாரு. இது பவுனா, பித்தளையான்னு பாத்துச் சொல்லுங்க மிஸ்” என்றார்.

முதலில் காந்தத்தை அருகே கொண்டுபோனோம். ஒட்டினால் உள்ளே இரும்பு. எதுவும் ஒட்டவில்லை. ஆனால் பித்தளையும் செம்பும்கூட ஒட்டாது. ஆகவே இது மட்டும் போதாது. அடுத்து மடிப்புகளைப் பார்த்தோம். காப்பில் கறுப்பு படிந்திருந்தது. வெள்ளி அப்படித்தான் கறுக்கும். பஞ்சாயுதத்தின் ஓரத்தில் பச்சைக் களிம்பு. அது பித்தளைக்கும் செம்புக்கும் உரியது. அக்காவின் முகம் வாடியது.

காப்பை உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. சிறிய மின் தராசில் இரண்டு காப்பும் 31 கிராம். பின்னர் தராசின் மேல் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூச்சியமாக்கி, காப்புகளை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுதாக அமிழ்த்தினோம். தராசு 3 கிராம் காட்டியது. 31ஐ 3ஆல் வகுத்தால் 10.3. சுத்த வெள்ளி 10.5, செம்பு 8.9, பித்தளை ஏறத்தாழ 8.5, 22 கரட் தங்கம் 17க்கு மேல். ஆகவே காப்பு செம்பு கலந்த நல்ல வெள்ளி. உள்ளே கூடாக இருக்கும் நகைக்கும், அரக்கு அடைத்த நகைக்கும், கல் பதித்ததற்கும் இந்தக் கணக்குச் சரிவராது.

முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. 916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 கரட். 925 என்பது வெள்ளிக்கு. ஆனால் அந்தக்கால ஆசாரிமார் பலர் முத்திரை குத்துவதில்லை. முத்திரை இல்லை என்பதற்காகப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் அமிலம் ஊற்றிப் பார்க்கவும் வேண்டாம். கையும் வேகும், நகையும் கெடும்.

வயதை அறிய நாணயம் உதவியது. அது 1917ஆம் ஆண்டு இலங்கை 25 சதம். அந்தக் காலத்து 25, 50 சதங்களில் 80 வீதம் வெள்ளி. 1919 முதல் 55 வீதம். 1943இல் வந்தவை நிக்கல் பித்தளை. ஆனால் நாணயத்தின் ஆண்டுதான் நகையின் ஆண்டு என்று சொல்ல முடியாது. 1917க்கு முன் செய்திருக்க முடியாது என்பது மட்டுமே நிச்சயம்.

மிச்சத்தைப் பக்கத்துக் காம்பராப் பாட்டிதான் சொன்னார். “ஒங்கம்மாவுக்கும் இதத்தான் போட்டாங்க, ஒனக்கும் இதத்தான் போட்டாங்க. கடைசியா நீ கடிச்ச பல்லுத் தடம் அதுல இருக்கும் பாரு.” பஞ்சாயுதத்தின் ஓரத்தில் அந்தத் தடம் இருந்தது. பித்தளை என்று வாடிய அக்கா அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

பிறகுதான் மனதில் கிடந்ததைச் சொன்னார். போரின்போது மீட்கப்பட்ட தங்க, வெள்ளி நகைகளை 2025 மே மாதம் இராணுவம் பொலிஸாரிடம் ஒப்படைத்தது. தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை அவற்றைப் பரிசோதிக்கும் என்றும் அப்போது சொல்லப்பட்டது. “எம்மகள் சங்கிலியும் அதுல கெடக்குமோ மிஸ்? எத்தன கிராமுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாதே. கொக்கி ஒரு பக்கம் வளஞ்சிருக்கும், அதுதான் தெரியும்.”

அதுவும் ஓர் அடையாளம்தான் என்றேன். கொப்பியை எடுத்து முதலில் அதையே எழுதினோம்.

சகோதரிகளே, நீங்களும் எழுதுங்கள். கையில் இருப்பதன் எடை, முத்திரை, கீறல், வளைவு, யார் யாருக்குப் போட்டது என்பதோடு ஒரு படமும் எடுத்து வையுங்கள். விற்கவோ அடகு வைக்கவோ நேர்ந்தால் இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். எத்தனை கரட், எத்தனை கிராம் என்று எழுதிய பற்றுச்சீட்டை வாங்குங்கள். பழைய நகையைக் கைக்குழந்தைக்குப் போட்டுவிடாதீர்கள். பற்றவைப்பில் ஈயம் இருக்கலாம், குழந்தை வாயில் வைக்கும்.

தொலைந்துபோன நகை நினைவில் இருந்தால் அதையும் எழுதுங்கள். நாளை ஒருவர் கேட்கும்போது நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.