நிறுத்திய நாளின் கூலி

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் இந்தத் தீவில் யாரும் யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது ஊரறிந்த விஷயம். கூண்டு ஏறும் அளவுக்குப் போகாத நாள்களிலும், பலத்த காற்று வீசும் என்று வானிலைத் துறை சொல்லிவிட்டால், மீன்வளத் துறை கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கன் கொடுப்பதை நிறுத்திவிடுகிறது. விசைப்படகுகள் கரையிலேயே கிடக்கின்றன. ராமேஸ்வரத்தில் நாட்டுப்படகுகளோடு நாள் பிரித்துக்கொண்டு, விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போவது வழக்கம். அதில் ஒரு நாள் போனால் வாரத்தில் மூன்றில் ஒன்று போயிற்று. பங்குக்குப் போகும் தொழிலாளிக்குக் கடல் இல்லையென்றால் பங்கும் இல்லை.

செயற்கை நுண்ணறிவும் மனிதனும் இனி எப்படிச் சேர்ந்து வாழப்போகிறார்கள் என்று பெருநகர அரங்குகளில் விவாதம் நடக்கிறது. இயந்திரம் மனிதனை மிஞ்சுமா, வேலைகளை விழுங்குமா என்பதெல்லாம் அங்கே கேட்கப்படும் கேள்விகள். இந்தக் கரையில் கேள்வி இன்னும் சின்னது, இன்னும் கூர்மையானது. நாளை கடலுக்குப் போகலாமா கூடாதா என்பதை ஓர் இயந்திரம் கணிக்கப்போகிறது. அந்தக் கணிப்பின் பேரில் படகை நிறுத்தினால், அந்த நாளின் கூலி யார் கணக்கில் எழுதப்படும்?

இது கற்பனைக் கேள்வி அல்ல. கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட் 2023-இல் வெளிவந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டு வானிலைப் பதிவுகளைப் படித்து, அடுத்த பத்து நாள் உலக வானிலையை ஒரு நிமிடத்துக்குள் சொல்கிறது. ஐரோப்பிய வானிலை மையம் தன் சொந்தச் செயற்கை நுண்ணறிவு மாதிரியை 2025 பிப்ரவரியிலிருந்து அன்றாடப் பணியில் வைத்திருக்கிறது. அதே ஆண்டு நம் மத்திய வேளாண் அமைச்சகம், இத்தகைய மாதிரிகளைக் கொண்டு தயாரித்த பருவமழைக் கணிப்பை 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது. வயலுக்கு வந்தது கடலுக்கும் வரும். வரட்டும், வரவேற்போம். கணிப்பு என்று ஒன்று சரியாக இல்லாமல் இந்தக் கரை கொடுத்த விலை கொஞ்சமல்ல.

1964 டிசம்பர் 22 இரவு, தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கிய பாம்பன் பயணிகள் ரயிலுக்குச் சிக்னல் விழவில்லை. ஓட்டுநர் சற்றுக் காத்திருந்து, ஊதலை ஒலித்தபடி வண்டியை நகர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. வண்டியோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அலை கொண்டுபோயிற்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது, புயல் என்ற சொல் கரைக்கு வந்து சேருமுன் குமரி மாவட்டத்து மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். மனிதன் கணித்தால் மட்டும் சரியாக இருக்கும் என்று நம்ப இந்தக் கடலோரத்துக்கு எந்தக் காரணமும் இல்லை. 'பெரியவர்கள் வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்' என்ற பேச்சிலும் நமக்கு முழு உடன்பாடு இல்லை. வாடை, கச்சான், கொண்டல் காற்றுகள் தங்கள் மாதத்தைத் தவறவிடுவதை அந்தப் பெரியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதன் பெரும்பகுதி சில மணி நேரத்தில் இறங்கியது. அப்படியொரு மேகவெடிப்பை முன்கூட்டிச் சொல்லும் கண் மனிதனுக்கும் இல்லை, இன்றைய கணினிக்கும் இல்லை.

ஆனால் இயந்திரத்தின் கண் எங்கே மங்கும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். உலக வானிலையைக் கணிக்கும் இந்த மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்க்கின்றன. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள தூரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். தீவுக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரார் சொல்வது வடகடல், தென்கடல். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் குளம்போலக் கிடப்பது உண்டு, வாடைக்காலத்தில் இது தலைகீழாகும். நாட்டுப்படகுக்காரர்கள் பருவத்துக்கு ஏற்பக் கடல் மாற்றிப் பிழைப்பது இதை வைத்துத்தான். ஒரே கட்டத்துக்குள் இரண்டு கடலும் அடங்கிவிட்டால் கிடைப்பது இரண்டின் சராசரி. சராசரிக் கடல் என்று ஒன்று இங்கே எங்கும் இல்லை. அதில் யாரும் வலை வீசியதும் இல்லை.

புயலின் பாதையைச் சொல்வதில் இம்மாதிரிகள் கெட்டிக்காரத்தனம் காட்டுகின்றன. புயல் எவ்வளவு வலுவடையும் என்பதில் குறைத்து மதிப்பிடும் குணம் அவற்றுக்கு உண்டு. 2020 டிசம்பரில் புரெவி நினைவிருக்கலாம். இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் நுழைந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரை கடக்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தால், ராமநாதபுரம் கடற்கரைக்கு அருகே நகராமல் நின்று, அங்கேயே வலுவிழந்தது. புயலே முடிவெடுக்காமல் நின்ற அந்த நாளில் படகு விடலாமா என்று ஒரு செயலி என்ன பதில் சொல்லியிருக்கும்?

பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். அதுவும் இயந்திரத்தின் முடிவுதான். ஓட்டுநரைக் கேட்டு அது எடுக்கப்படவில்லை. ஆனாலும் யாரும் அதை எதிர்க்கவில்லை. எண் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும், காற்றை அளக்கும் கருவி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். வண்டி நின்றால் அந்தத் தாமதம் ரயில்வேயின் கணக்கு. நிறுத்தியதற்காகத் தண்டவாளத் தொழிலாளியின் அன்றைய சம்பளத்தை யாரும் பிடிக்கவில்லை. மனிதன் ஓர் இயந்திரத்துக்குக் கட்டுப்பட வேண்டுமென்றால் அதற்கு இதுதான் யோக்கியமான முறை என்று நினைக்கிறோம்.

கரையில் நடப்பது வேறு. கணிப்பு தவறி ஓர் உயிர் போனால் அதிகாரியின் வேலைக்கு ஆபத்து. தேவையில்லாமல் ஒரு நாள் படகை நிறுத்தினால் அவருக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே சந்தேகம் வந்தால் நிறுத்திவிடுவது எந்த அலுவலகத்துக்கும் இயல்பு. அவரைக் குறை சொல்வதில் பயனில்லை, நாமும் அந்த நாற்காலியில் இருந்தால் அதைத்தான் செய்வோம். கோளாறு கணக்கில் இருக்கிறது. எச்சரிக்கை என்பது ஊர் முழுவதும் சேர்ந்து வாங்கும் காப்பீடு. அதன் தவணையை மட்டும் படகில் ஏறும் ஐந்தாறு பேர் கட்டுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு வந்தால் இது தானாகச் சரியாகிவிடாது. நிறுத்துவது இன்னும் எளிதாகி, 'கணினி சொன்னது' என்ற ஒற்றை வாக்கியத்துக்குப் பின்னால் எல்லோரும் ஒளிந்துகொள்ளும் வாய்ப்பே அதிகம்.

எனவே நம் நிலைப்பாடு இது. வானிலை காரணமாக டோக்கன் மறுக்கப்படும் ஒவ்வொரு நாளுக்கும், காற்று வந்தாலும் வராவிட்டாலும், கடல் தொழிலாளிக்கு அரசு ஒரு தொகை தர வேண்டும். முன்மாதிரி இல்லாமல் கேட்கவில்லை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம் இப்போதே தரப்படுகிறது. அரசு தன் உத்தரவால் நிறுத்திய தொழிலுக்கு அரசே ஈடு தர வேண்டும் என்ற கொள்கை அதிலேயே இருக்கிறது. மீனின் இனப்பெருக்கத்துக்குத் தருவதை மனித உயிருக்கும் தரச் சொல்கிறோம். கருவூலம் தாங்காது என்பார்கள். தாங்காமல் போனால் நல்லதுதான். நிறுத்தும் நாளுக்கெல்லாம் பணம் போகிறது என்றால், வடகடலையும் தென்கடலையும் பிரித்துச் சொல்லும் நல்ல கணிப்பை வாங்க அரசுக்கே அவசரம் பிறக்கும். இன்று அந்த அவசரம் யாருக்கும் இல்லை.

கணிப்பு 'போகாதே' என்ற ஒற்றைச் சொல்லாகவும் வரக்கூடாது. இந்த மாதிரிகளின் உண்மையான பலமே, ஒரு நிகழ்வுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று பலமுறை ஓட்டிப் பார்த்துச் சொல்வதில் இருக்கிறது. நூற்றுக்குப் பத்து வாய்ப்பா, அறுபதா என்பது கரைக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்ல வழியில்லை என்று சொல்ல முடியாது. மீனவர்களுக்காகவே 2016 முதல் பாம்பனில் 90.4-இல் ஒலிக்கும் கடலோசை சமுதாய வானொலி இருக்கிறது. கடலில் இருந்து திரும்புகிறவர் பார்த்த காற்றையும் நீரோட்டத்தையும் எதிர்த்திசையில் கணிப்பாளருக்குக் கொண்டுசேர்க்கவும் அந்த வானொலி உதவும். அந்தப் பதிவுகள் இல்லாமல் எந்த இயந்திரமும் இந்தச் சின்னக் கடலைக் கற்றுக்கொள்ளப்போவதில்லை.

இங்கே ஒரு பாய்ச்சலான ஆசையையும் கட்டுக்குள் வைக்க வேண்டும். மீன் எங்கே என்று கணினியே காட்டிவிட்டால் வறுமை தீரும் என்று பேசுகிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் கடல்மேல் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, மீன்வளம் இருக்கக்கூடிய பகுதிகளைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. ஆழ்கடலில் அதற்குப் பயன் உண்டு. சராசரியாகப் பத்து மீட்டர் ஆழம் இருக்கும் பாக் நீரிணையில் சேறும் அடித்தரையும் அந்தக் கண்ணை ஏமாற்றும். ஏமாற்றாவிட்டாலும், இழுவைமடி வலையால் ஏற்கெனவே வழித்தெடுக்கப்பட்ட கடலில் மிச்ச மீன் எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டிக்கொடுப்பது எப்படி உதவியாகும்?

எல்லைக் கருவியும் அப்படித்தான். 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில் நாடு முழுவதும் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் தருகிறார்கள். ஆபத்தில் செய்தி அனுப்ப அது அருமையான கருவி, உயிர் காக்கும். எல்லையை நெருங்கினால் எச்சரிக்கும் என்பதையும் பெரிதாகச் சொல்கிறார்கள். அதே 2024-இல் இலங்கைக் கடற்படை 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களைப் பிடித்தது. அவர்களில் பெரும்பாலோர் வழி தெரியாமல் போனவர்கள் என்று யாராவது நம்பினால் அவர் ஜெட்டிப் பக்கம் வந்ததில்லை. இந்தப் பக்கம் மீன் இல்லாததால் போகிறார்கள். போவது தவறு என்றும் தெரிந்தே போகிறார்கள். அதற்குத் தீர்வு இரு நாட்டு மேசையிலும் இழுவைமடியைக் கைவிடுவதிலும் இருக்கிறது. கருவி தரும் இருப்பிடப் பதிவை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், படகுக்காரருக்கு எதிராக அதைப் பயன்படுத்தலாமா என்பதைச் சட்டத்தில் எழுதாமல் படகில் பொருத்துவது மட்டும் நடக்கிறது.

படகே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை போன்ற கடற்பாசிகளை எடுக்கத் தீவோரங்களில் மூழ்கும் பெண்களுக்கு டோக்கன் கிடையாது, டிரான்ஸ்பாண்டர் கிடையாது. நாம் கேட்கும் நிறுத்த நாள் ஈட்டுத்தொகைப் பட்டியலில் அவர்கள் பெயர் விட்டுப்போகும் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறோம்.

தமிழக அரசு 2020-இலேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது. இத்தகைய அமைப்புகளை மக்கள்மேல் பயன்படுத்துமுன் வெளிப்படைத்தன்மை, பொறுப்பேற்பு, சமத்துவம், தொழில்நுட்ப வசதியில்லாதவர்கள் நிலை ஆகியவற்றில் மதிப்பெண் போட வேண்டும் என்கிறது அது. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. மீனவர் எச்சரிக்கையில் செயற்கை நுண்ணறிவு நுழையும் நாளில், அந்த மதிப்பெண்ணைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு இறங்குதளத்திலும் ஒட்டட்டும். டோக்கனை நிறுத்தும் உத்தரவில் ஓர் அதிகாரி பெயரோடு கையெழுத்திடட்டும். ராமநாதபுரத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் முதல் பொருளாக ஒரு தாளை வைக்கட்டும்: கடந்த மாதம் எத்தனை நாள் நிறுத்தினோம், அந்நாள்களில் பாம்பன் வானிலை நிலையம் பதிந்த காற்று எவ்வளவு, நிறுத்திய நாளுக்கு எத்தனை பேருக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.