காதிழந்த சிப்பாயும் காது கொடாத சர்க்காரும்

ஆரணியில் பட்டு நெய்யும் தெருக்களில் தறியின் ஓசை ஓய்ந்தால் அடுப்பின் புகையும் ஓய்ந்துவிடும். அந்த ஓசையிலேயே பிறந்து வளரும் ஜனங்களுக்கு அது தொல்லையாகத் தோன்றுவதில்லை. இச்சுற்றுவட்டாரத்துக்கு மற்றொரு பெருமையும் உண்டு. பழைய வடஆர்க்காடு ஜில்லா தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் கொடுத்து வந்திருக்கிறது. வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் வழங்கி வருகிறது.

அவ்விதம் சென்று, பீரங்கிப் படையில் பதினேழு வருஷம் ஊழியம் செய்து ஊர் திரும்பும் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். கை கால் திடமாயிருக்கின்றன. வீட்டுத் தறியில் உட்காருகிறார். பக்கத்துத் தறியிலிருந்து தமையனார் கேட்கும் கேள்வி அவருக்கு எட்டுவதில்லை. இரவில் தறிகளெல்லாம் ஓய்ந்த பிறகும் அவர் காதுக்குள் மட்டும் வண்டின் ரீங்காரம் ஓய்வதில்லை. ஊரார் ‘செவிடு’ என்று சிரிக்கிறார்கள். சர்க்காரோ ‘இது ஊழியத்தினால் வந்ததல்ல’ என்று ஒரே வரியில் பதில் எழுதுகிறது. ஊராரின் சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வரியைப் பொறுக்கலாகாது என்பதே நமது அபிப்பிராயம்.

வைத்திய சாஸ்திரம் இதில் கூறுவது தெளிவானது. உட்செவியில் ஒலியை வாங்கி மூளைக்கு அனுப்பும் மெல்லிய மயிரணுக்கள் காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. அவை ஒரு முறை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. தினமும் எட்டு மணி நேரம் வேலை செய்வோருக்கு 85 டெசிபல் ஓசையே எல்லையென்று நிபுணர்கள் சொல்லுகின்றனர். துப்பாக்கி வெடிக்கும்போது எழும் உச்ச ஓசையோ 140 டெசிபலைத் தாண்டுகிறது, பீரங்கியைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை. முதலில் மறைவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளே யாதலால், சிப்பாய்க்குத் தம் நஷ்டம் உடனே தெரிவதில்லை. தெரிந்தாலும், தேகத் தரம் குறைந்து உத்தியோக உயர்வு தடைப்படுமே என்று வாய் திறவாமலிருப்பவர் பலர். பட்டாளத்தாரின் தேக நிலையை ஐந்து அம்சங்களாகப் பிரித்துத் தரம் போடும் ராணுவ வைத்திய முறையில், செவிப்புலனுக்கென்றே ஓர் அம்சம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அபாயம் தெரியாதென்று சர்க்கார் சொல்லுவதற்கில்லை.

சட்டமும் சிப்பாயின் பக்கமே நிற்கிறது. ஊனம் ஊழியத்தால் விளைந்ததாகவோ ஊழியத்தால் அதிகரித்ததாகவோ இருக்க வேண்டும். அது 20 சதவிகிதத்துக்குக் குறையலாகாது என்பவை பொது நிபந்தனைகள். 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான விதியை ஸ்தாபித்தது. சேரும்போது எழுதிய வைத்தியக் குறிப்பில் இல்லாத நோயினால் ஒருவர் விலக்கப்பட்டால், அது ஊழியத்தால் வந்ததென்றே ஊகிக்க வேண்டும். அல்லவென்று ருஜுப்பிக்கும் பாரம் சர்க்காரைச் சேர்ந்தது. வைத்திய போர்டு காரணம் காட்டவேண்டும். காலக்கெடு முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ஊன சதவிகிதத்தை உயர்த்திக் கணக்கிடும் சலுகை உண்டென்று 2014இல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பாயிற்று. இவ்வளவுக்குப் பின்னும் ஒவ்வொரு சிப்பாயும் தனித்தனியே வழக்காட வேண்டியிருப்பது வெட்கக்கேடல்லவா? 2023 செப்டம்பர் 21 முதல் அமலான புதிய விதிகள் இந்த நியாயத்தைக் குறுக்கிவிடுமோ என்று முன்னாள் படைவீரர் பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தைப் போக்கவேண்டியது சர்க்காரின் கடமை.

இல்லாத நோயைச் சொல்லிச் சிலர் பணம் பெறுகிறார்களே என்று ஆட்சேபிப்பவர்களும் உண்டு. அதை நாம் அலட்சியம் செய்யவில்லை. காதிரைச்சலை அளந்து காட்டும் யந்திரம் கிடையாது. அதை அனுபவிப்பவர் வாய்மொழியே சாட்சியம். ஆயினும் அமெரிக்க சர்க்கார், எந்தெந்த ஓசையில் ஊழியம் செய்தார் என்ற தஸ்தாவேஜுடன் அந்த வாய்மொழியையும் ஏற்றுக்கொள்கிறது. அங்கே முன்னாள் படைவீரர் ஊனங்களில் முதலிடம் பெறுவது காதிரைச்சலே. படைவீரருக்கு அளித்த காதடைப்பான்கள் பழுதுள்ளவை என்று தொடுத்த வழக்குகளில், 3எம் கம்பெனி சுமார் 600 கோடி டாலர் கொடுக்க 2023இல் உடன்பட்டது. நம் நாட்டிலும், 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில், இரைச்சலால் வரும் செவிக்குறைவு பிற்காலத்தில் தொழில் நோயாகச் சேர்க்கப்பட்டது. ஆலைத் தொழிலாளிக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தைப் பீரங்கியடியில் நின்றவருக்கு மறுப்பது எந்த நீதி?

பரிகாரம் சுலபமானது. பட்டாளத்தில் சேரும் அன்றும், பின் வருஷந்தோறும், விலகும் அன்றும் ஒவ்வொருவரின் செவிப்புலனையும் யந்திரத்தால் அளந்து, அதன் பிரதியை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். பொய்யான கோரிக்கையும் அதனால் விழும். மெய்யான கோரிக்கையும் அதனால் ஜெயிக்கும். தீர்ந்துபோன சட்டப் பிரச்னைகளில் சர்க்கார் மேலும் மேலும் அப்பீல் செய்வதையும் நிறுத்த வேண்டும்.

முன்னாள் படைவீரர்களுக்கும் ஒரு வார்த்தை. விலகும்போது நடந்த வைத்திய போர்டின் நடவடிக்கைப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். மறுப்பு வந்தால் அப்பீல் செய்யுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், 2007ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏற்பட்ட ஆயுதப்படை டிரிப்யூனலின் கிளை சென்னையிலேயே இருக்கிறது. தாமதத்தினால் உரிமை அழிந்துவிடாது. ஆனால் 2008இல் தர்சேம் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் கூறியபடி, பாக்கித்தொகை பொதுவாக வழக்குக்கு முந்திய மூன்று வருஷத்தோடு நின்றுவிடும். ஆகையால் கூச்சத்தால் காலம் கடத்துவது நஷ்டமே. நீங்கள் கேட்பது பிச்சையல்ல. உழைத்தவனுக்குச் சேரவேண்டிய கூலி.

தேசத்தின் கட்டளையைக் கேட்டுக் கேட்டே காதை இழந்தவர் இன்று ஒரு வார்த்தை சொல்லுகிறார். அதைக் கேட்கத் தேசத்துக்குக் காது இருக்க வேண்டும்.